மருத்துவக் கல்லூரியில் வினாடி வினா: நடத்தப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கல்லூரி விழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நான்கைந்து மாணவர்கள் துறை வாசலில் வந்து நிற்பார்கள். "சார், இந்த வருஷம் குவிஸ் எங்க பேட்ச் பொறுப்பு." பொது மருத்துவம் கற்பிக்கும் எனக்கு இது பல ஆண்டுப் பழக்கம். அவர்கள் கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் அவையேதான் என்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்காக நடக்கும் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியை மனத்தில் வைத்து எழுதியது இது. ஒரே கல்லூரிக்குள் நடத்துகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எத்தனை நாளுக்கு முன்னால் வேலையைத் தொடங்க வேண்டும்?

வெளிக் கல்லூரி அணிகளை அழைப்பதானால் எட்டு வாரம். அரங்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் இவ்வளவு நாள் வேண்டியதில்லை. கேள்விகளுக்குத்தான் வேண்டும். பெரும்பாலான குழுக்கள் முதல் ஆறு வாரத்தைப் போஸ்டரிலும் டி-ஷர்ட்டிலும் செலவழித்துவிட்டு, கடைசி மூன்று இரவில் கேள்வி எழுத உட்காருகின்றன. அந்தக் கேள்விகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தேதியை முடிவு செய்யும் முன் பல்கலைக்கழகத் தேர்வு அட்டவணையையும், சுற்று வட்டாரக் கல்லூரிகளின் இன்டர்னல் தேர்வுகளையும் விசாரித்துவிடுங்கள். துறைத் தலைவர் வழியாக டீனிடம் எழுத்துமூல அனுமதி வாங்குங்கள். விருந்தினர் கல்லூரிகளுக்கு அனுப்பும் அழைப்பிதழ் டீன் அலுவலகக் கடிதமாகவே போகட்டும். வருகிற மாணவர்களுக்கு ஓ.டி., அதாவது வகுப்புக்கு வராத நாளையும் வந்ததாகக் கணக்கிடும் அனுமதி, கிடைக்க அந்தக் கடிதம்தான் உதவும். தியரிக்கு 75, செய்முறைக்கும் வார்டுக்கும் 80 விழுக்காடு வருகை கட்டாயமாக இருக்கும்போது, ஓ.டி. இல்லாத போட்டிக்கு நல்ல மாணவர்கள் வரத் தயங்குவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

யார் யாரை அனுமதிக்கலாம்? ஹவுஸ் சர்ஜன்கள் வரலாமா?

இரண்டு பேர் கொண்ட அணி போதும். மூன்று பேர் என்றால் ஒருவர் வேடிக்கை பார்ப்பார். ஹவுஸ் சர்ஜன்களை, அதாவது தேர்வுகளை முடித்துவிட்டு சி.ஆர்.ஆர்.ஐ. என்ற கட்டாயப் பயிற்சியில் இருப்பவர்களை, தனிப் பிரிவாக வையுங்கள், இல்லாவிட்டால் தவிர்த்துவிடுங்கள். முதுநிலை நுழைவுத் தேர்வுக்காக ஆயிரக்கணக்கான எம்.சி.க்யூ.க்களை, அதாவது கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளை, போட்டுப் பார்த்த ஒருவரையும் இரண்டாமாண்டு மாணவியையும் ஒரே மேடையில் உட்கார வைப்பது நியாயமாகாது.

எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. அணியில் ஒருவராவது முதலாண்டிலோ இரண்டாமாண்டிலோ இருக்க வேண்டும் என்று விதி வைப்பது. சீனியர்கள் முதலில் முணுமுணுப்பார்கள். பிறகு, கூட்டுச் சேர ஜூனியரைத் தேடி அவர்களே ஹாஸ்டல் அறைகளுக்குப் போவார்கள். இரண்டாமாண்டுப் பையன் கைக்குப் போகும் நரம்புப் பின்னலான பிராக்கியல் பிளெக்ஸஸைப் படித்து மாதங்கள்தான் ஆகியிருக்கும், இறுதியாண்டு மாணவர் அதை மறந்து வருடங்கள் ஆகியிருக்கும். மேடையில் அவன் அவருக்கு உடற்கூறு சொல்லிக்கொடுப்பதைப் பார்ப்பது தனி மகிழ்ச்சி.

ஒரே பாடமா, எல்லாப் பாடங்களுமா?

இரண்டுக்கும் நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. இந்தியக் குழந்தை மருத்துவர்களின் சங்கமான இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ், எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்காகக் குழந்தை மருத்துவத்தில் மட்டும் வினாடி வினா நடத்துகிறது. கல்லூரி அளவில் தொடங்கிப் படிப்படியாக தேசிய இறுதிச் சுற்று வரை போகும். கோலாலம்பூரில் மலாயா பல்கலைக்கழகம் 2003-இல் தொடங்கிய போட்டி உடலியங்கியலுக்கு மட்டுமானது. பல நாட்டு மருத்துவக் கல்லூரிகள் அங்கே போய்ப் போட்டியிட்டிருக்கின்றன. அதன் சுழற்கோப்பை பேராசிரியர் ஏ. ராமன் பெயரைத் தாங்கியது. அங்கே முதலில் ஒவ்வொரு மாணவரும் தனியாக எழுத்துத் தேர்வு எழுதுகிறார்கள், பிறகுதான் அணியாக மேடை ஏறுகிறார்கள். ஒரே ஒரு கெட்டிக்காரரை வைத்து ஒரு கல்லூரி கோப்பையைத் தூக்கிக்கொண்டு போவதை இந்த முறை ஓரளவு தடுக்கிறது.

முதன்முதலாக நடத்துகிறீர்கள் என்றால் ஒரே பாடத்தை எடுங்கள். கேள்விகளைச் சரிபார்க்க அந்தத் துறை ஆசிரியர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். பத்தொன்பது பாடத்தையும் ஒரே நாளில் தொட நினைத்தால் எதிலும் ஆழம் இருக்காது.

பிரிலிம்ஸ் எப்படி வைப்பது?

மேடைக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் எழுத்துச் சுற்று இது. 25 கேள்வி, 30 நிமிடம், திரையில் ஒன்றன்பின் ஒன்றாக, கடைசியில் எல்லாவற்றையும் ஒருமுறை வேகமாகத் திருப்பிக் காட்டுதல். நான்கு விடை கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள். ஒரு சொல்லோ இரண்டு சொல்லோ எழுதட்டும். ஐந்து கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி போட்டு வையுங்கள். இரண்டு அணிகள் சமமாக நின்றால் நட்சத்திரக் கேள்விகளில் யார் கூடுதல் என்று பார்க்கலாம். அதுவும் சமம் என்றால், முதல் கேள்வியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்து யார் முதலில் தவறினார் என்று பாருங்கள். இதைப் போட்டிக்கு முன்பே அறிவிக்க வேண்டும்.

ஆறு அணிகளை மேடைக்கு எடுங்கள். எட்டு எடுத்தால் கேள்வி சுற்றி வருவதற்குள் அரங்கம் தூங்கிவிடும். விடைத்தாள் திருத்தும் நேரத்தில் பிரிலிம்ஸ் விடைகளைத் திரையில் காட்டி விளக்குங்கள். மேடை ஏறாமல் போகப் போகிற முப்பது நாற்பது அணிகளுக்கு அன்றைய நாளில் கிடைக்கும் பெரிய லாபம் அதுதான். அதை அவசரப்பட்டு முடிக்காதீர்கள்.

மேடையில் கேள்விகளை எந்த முறையில் சுற்ற விடுவது?

பள்ளிக்கூடங்களில் பார்த்த பழைய முறையில் ஒவ்வோர் அணிக்கும் நேரடிக் கேள்வி வரும், தெரியாவிட்டால் அடுத்த அணிக்குப் போகும். இதில் ஒரு குறை ஒளிந்திருக்கிறது. பலவீனமான அணிக்கு அடுத்த நாற்காலியில் இருப்பவர்களுக்கு, அவர்கள் விட்ட கேள்வியெல்லாம் வந்து குவியும். குலுக்கல் சீட்டே வெற்றியை முடிவு செய்துவிடுகிறது.

குவிஸ் வட்டாரத்தில் இப்போது பரவலாக இருப்பது முடிவிலாச் சுற்று. 3-ஆம் அணி விடை சொன்னால் அடுத்த கேள்வி 4-ஆம் அணியிடம் தொடங்கும். யாருமே சொல்லாவிட்டால், முதலில் கேள்வியைப் பெற்ற அணிக்கு அடுத்த அணியிடம் தொடங்கும். பாதிக் கேள்விகள் முடிந்ததும் திசையை மாற்றி இடவலமாகச் சுற்ற வேண்டும். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. தன் முறை வரும்வரை காத்திராமல் விடையைச் சீட்டில் எழுதி முன்கூட்டியே கொடுக்கலாம், சரியானால் 10, தவறானால் கழித்தல் 5. ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் இருக்கும் பெயர்களை (bounce, pounce) தமிழில் எழுதினால் இரண்டுமே 'பவுன்ஸ்' என்றுதான் வரும். புதிதாக வரும் மாணவர்கள் குழம்புவதைப் பார்த்து, விதிகளைப் படிக்கும்போது ஒன்றைச் 'சுற்று' என்றும் மற்றதைப் 'பாய்ச்சல்' என்றும் சொல்கிறேன். பாய்ச்சல் இருந்தால் எந்த அணியும் நாற்காலியின் தயவில் இருக்காது.

40 கேள்வி, ஒன்றுக்கு சராசரி இரண்டு நிமிடம், விளக்கங்களும் மதிப்பெண் அறிவிப்பும் சேர்த்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

ரேபிட் ஃபயர், பஸ்ஸர் சுற்றுகள்?

ஒன்று போதும், அதுவும் கடைசியில் வேண்டாம். இரண்டு மணி நேரம் யோசித்துச் சேர்த்த முன்னிலையை அறுபது நொடி வேகம் தலைகீழாக்குவது சரியல்ல.

நல்ல கேள்வி என்றால் என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மனப்பாடமாகத் தெரிந்தவன் உடனே சொல்லிவிடுவதும், தெரியாதவன் எவ்வளவு யோசித்தாலும் சொல்ல முடியாததும் கேள்வியே அல்ல, அது ஞாபகசக்திப் பரிசோதனை. ஏற்கெனவே தெரிந்த மூன்று விஷயங்களைச் சேர்த்தால் நான்காவதாக விடை வந்து நிற்க வேண்டும். விடையைக் கேட்டதும் "அட, எனக்குத் தெரிஞ்சதுதானே!" என்று அரங்கம் நெற்றியில் தட்டிக்கொண்டால் அந்தக் கேள்வி வென்றுவிட்டது. "இது யாருக்குத் தெரியும்?" என்று கேட்டால் தோற்றுவிட்டது.

ஓர் எடுத்துக்காட்டு. பாம்புக்கடி வார்டில் நாம் செய்யும் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை எல்லாருக்கும் தெரியும். "இந்தச் சோதனையில் எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும்?" என்று கேட்டால் அதில் ஒன்றுமில்லை, பெயரிலேயே விடை இருக்கிறது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "கண்ணாடி விரியன் கடித்ததாகச் சந்தேகம். ஹவுஸ் சர்ஜன் அவசரத்தில் பிளாஸ்டிக் குழாயில் ரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்தார். உறையவில்லை. விஷமுறிவு மருந்தைத் தொடங்கலாம் என்றார். சீனியர் தடுத்து, சோப்புப் போட்டுக் கழுவாத, உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் மறுபடி செய்யச் சொன்னார். ஏன்?" கண்ணாடியின் பரப்புதான் பன்னிரண்டாம் உறைவுக் காரணியைத் தூண்டிவிடுகிறது. பிளாஸ்டிக் அதைச் செய்யாது, சோப்புப் படிந்த கண்ணாடியும் செய்யாது. விஷமே ஏறாத ரத்தமும் அப்போது உறையாமல் நிற்கலாம். முதலாண்டு உடலியங்கியலும் இறுதியாண்டு வார்டும் ஒரே குழாயில் சந்திக்கும் கேள்வி இது. உறைதலின் படிகளைப் படித்த இரண்டாமாண்டு மாணவரால் யோசித்தே சொல்லிவிட முடியும். இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் பிறகு வார்டில் பிளாஸ்டிக் குழாயை எடுக்க மாட்டார்கள்.

இன்னொன்று. "ஸ்க்ரப் டைஃபஸை உண்டாக்கும் கிருமி எது?" என்பது கோச்சிங் கேள்வி. "எட்டு நாள் காய்ச்சல். மலேரியா, டெங்கு, டைபாய்டு எதுவும் இல்லை என்று ரிப்போர்ட். விறகு பொறுக்கப் போகும் பெண். முழுதாகப் பரிசோதித்த டாக்டர், அக்குளில் பார்த்த ஒன்றை வைத்து அன்று மாலையே மருந்தை மாற்றினார். என்ன பார்த்தார், எந்த மருந்துக்கு மாற்றினார்?" சிகரெட்டால் சுட்டது போன்ற, வலியில்லாத கறுத்த பொருக்கு, டாக்ஸிசைக்ளின். தமிழ்நாட்டு வார்டில் நிற்கும் மாணவருக்கு இது கண்முன் நடக்கும் விஷயம்.

அதிகாலையில் வயிற்று வலியோடு எழுந்து, இமை சரிந்து, கடித்த தடமே தெரியாமல் வரும் விவசாயத் தொழிலாளியைப் பற்றிக் கேளுங்கள். இரவு எங்கே படுத்திருந்தார் என்று ஓர் அணியாவது திருப்பிக் கேட்கும். தரையில் பாய் என்றதும், இரவில் தரையில் தூங்குபவரைக் கடிக்கும் கட்டுவிரியன் விடையாக வந்துவிடும். அந்த எதிர்க்கேள்வி வந்தால் ஐந்து மதிப்பெண் கூடக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். விதியில் எழுதியிருந்தால் மட்டும்.

கேள்விகளை யார் எழுதுவது?

போட்டியில் கலந்துகொள்ளாத மாணவர்கள் எழுதட்டும். மூன்று பேர் போதும். தேவைக்கு இரண்டு மடங்கு எழுதிவிட்டுப் பாதியைத் தூக்கிப் போடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே விடை, எந்த நூலின் எந்தப் பதிப்பு எந்தப் பக்கம், ஏற்கத்தக்க மாற்று விடைகள், ஒரு வரி விளக்கம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். பக்க எண் இல்லாத கேள்வி மேடைக்குப் போகக் கூடாது.

பிறகு, கேள்வியை எழுதாத ஒருவர் விடையைப் பார்க்காமல் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு பி.ஜி. மாணவரைக் கேளுங்கள். "இதுக்கு இன்னொரு விடையும் சரியா வருமே" என்று அவர் சொல்லும் இடங்கள்தான் மேடையில் சண்டை வரப்போகும் இடங்கள். அவர் திணறிய கேள்விகளை எம்.பி.பி.எஸ். மாணவர்களிடம் கேட்காதீர்கள். கடைசியாகத் துறை ஆசிரியர் ஒருவர் பார்க்கட்டும். அந்த ஐவரைத் தவிர வேறு யாரிடமும் கோப்பு போகக் கூடாது. வாட்ஸாப்பில் அனுப்பவே கூடாது.

நூலுக்கு நூல் விடை மாறினால்?

மருத்துவத்தில் இது அடிக்கடி நடக்கும். உயர் ரத்த அழுத்தம் எங்கே தொடங்குகிறது? 2017-இல் அமெரிக்க இதய அமைப்புகள் 130/80 என்றன. மற்ற பல வழிகாட்டுதல்கள் 140/90-இல் நின்றன. இரண்டு அணிகள் இரண்டு எண்ணைச் சொன்னால் இரண்டும் சரி. இதயம் நின்றவருக்கு முதலில் மூச்சுப் பாதையா, நெஞ்சை அழுத்துவதா என்பதில் 2010-இல் வரிசையே மாறியது. நம் நாட்டுக் காசநோய்த் திட்டத்தில் வாரம் மூன்று நாள் மாத்திரை என்பது தினசரி மாத்திரையானது. 2020-இல் திட்டத்தின் பெயரும் மாறியது. சீனியரின் பழைய நோட்ஸிலிருந்து கேள்வி எடுத்தால் இப்படித்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வியின் உள்ளேயே ஆதாரத்தைச் சொல்லிவிடுங்கள்: "2017 அமெரிக்க வழிகாட்டுதலின்படி..." அப்படிச் சொல்ல முடியாத, இன்னும் சர்ச்சையில் இருக்கும் விஷயத்தை விட்டுவிடுங்கள்.

விடையை எந்த அளவுக்கு ஏற்கலாம்?

தாராளமாக. அட்ரினலின், எபிநெஃப்ரின் இரண்டும் ஒன்றே. பாரசிட்டமாலை அசிட்டமினோஃபென் என்றாலும் சரி. ரத்தக்குழாய் அழற்சி நோயான வெஜனர் நோயைப் புதிய பெயரில் சொன்னாலும் பழைய பெயரில் சொன்னாலும் ஏற்க வேண்டும். அந்தப் பெயர் ஏன் கைவிடப்பட்டது, வெஜனருக்கும் நாஜிக் கட்சிக்கும் என்ன தொடர்பு என்பதை விளக்கத்தில் ஒரு வரி சொல்லலாம், மாணவர்கள் மறக்க மாட்டார்கள். உச்சரிப்புப் பிழைக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. ஆனால் 'நிமோனியா' என்று மட்டும் சொல்லிவிட்டு, "எந்த நிமோனியா?" என்று கேட்டதும் ஒவ்வொன்றாக அடுக்கினால் முதலில் சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் விடை சொன்னால் ஏற்கலாமா?

கட்டாயம் ஏற்க வேண்டும். இதை வெறும் சலுகையாக நான் பார்க்கவில்லை.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 2020-இல் கொண்டுவந்த பிறகு, தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவர்கள் வகுப்புகளில் கூடியிருக்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பாடம் நன்றாகத் தெரியும். மைக் முன்னால் ஆங்கில வாக்கியம் அமைக்கும் நேரத்தில் விடை அடுத்த அணிக்குப் போய்விடுகிறது. வாக்கியத்தைத் தமிழிலும் கலைச்சொல்லை ஆங்கிலத்திலும் சொல்லட்டும். வார்டில் நாம் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறோம். விதிகளைப் படிக்கும்போதே, "தமிழில் சொல்லலாம், கேள்வியைத் தமிழில் திருப்பிச் சொல்லும்படியும் கேட்கலாம்" என்று குவிஸ் மாஸ்டர் தமிழிலேயே அறிவிக்கட்டும். ஒருமுறை இப்படி அறிவித்ததும், அதுவரை மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடமே தள்ளிக்கொண்டிருந்த ஒரு மாணவி, அடுத்த பத்து நிமிடத்தில் நான்கு விடை சொன்னாள்.

ஒரு சுற்றையே தமிழுக்குக் கொடுக்கலாம். நோயாளிகள் வாயால் சொல்லும் பெயரைக் கொடுத்து நோயைக் கேட்பது. பொன்னுக்கு வீங்கி, கக்குவான் இருமல், அக்கி, தட்டம்மை, தேமல், ரணஜன்னி, சீதபேதி. நகரத்தில் ஆங்கிலப் பள்ளியில் படித்த மாணவர்கள் இந்தச் சுற்றில் திணறுவார்கள், கிராமத்திலிருந்து வந்தவர்கள் முன்னால் வருவார்கள். 'நெஞ்சு கரிக்குது', 'படபடன்னு வருது', 'கிறுகிறுங்குது' மூன்றையும் பிரித்தறியத் தெரியாதவர் கேஸ் ஷீட்டில் என்ன எழுதுவார்? அக்கிக்குக் காவியில் சிங்கம் வரையும் பழக்கத்தின் படம் ஒன்றைக் காட்டி, நரம்பு வழியே அந்தக் கொப்புளம் ஏன் உடம்பின் ஒரு பக்கத்தோடு நின்றுவிடுகிறது என்று கேட்டால், அது டெர்மடோம், அதாவது ஒரு நரம்பு உணர்வு தரும் தோல்பகுதி, பற்றிய கேள்வியாகிவிடும்.

மருத்துவ வரலாற்றுக் கேள்விகள் வேண்டுமா?

அளவாக. ஆண்டையும் பெயரையும் கேட்பது வரலாறு ஆகாது. ஸ்டெதாஸ்கோப்பை 1816-இல் லானெக் கண்டுபிடித்த கதையை எல்லாரும் எல்லாப் போட்டியிலும் கேட்டுவிட்டார்கள், அதை விட்டுவிடலாம். நம் பக்கத்துக் கதைகள் நிறைய இருக்கின்றன.

நான்கு படம் போட்டு ஒரு பெயர் கேட்கும் சுற்றுக்கு எனக்கு மிகவும் பிடித்தது: யானைக்கால், ரத்தப் புற்றுநோய் உள்ள குழந்தையின் ரத்தப்பூச்சு, தசையின் ஏ.டி.பி., ஆரியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியின் குப்பி. நான்கையும் இணைப்பவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போய், சைரஸ் ஃபிஸ்க் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து பாஸ்பரஸ் அளக்கும் முறையைக் கண்டு, பிறகு யானைக்காலுக்கான டை எத்தில் கார்பமசின் வரையிலான மருந்துகளுக்குப் பின்னால் நின்றவர். வகுப்பில் தினமும் அவர் மருந்துகளைப் படிக்கிறோம், பெயர் தெரியாது.

அதேபோல, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19-ஆம் நூற்றாண்டில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, உடற்கூறு நூல்களைத் தமிழாக்கிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். 1986-இல் சென்னையில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிநடத்த, நாட்டிலேயே முதன்முறையாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்த ஆய்வுக்கு ரத்த மாதிரிகளைச் சேகரித்த மாணவி நிர்மலா. இவற்றைச் சூழலோடு சொல்லிக் கேட்டால் அரங்கம் அமைதியாகக் கேட்கும்.

நோயாளிகளின் படங்களைத் திரையில் போடலாமா?

உங்கள் போனில் இருக்கும் வார்டுப் படங்களைப் போடக் கூடாது. கண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. பச்சை குத்திய பெயர், காதின் வடிவம், கையில் கட்டிய கயிறு இவற்றை வைத்தே ஊர்க்காரர் அடையாளம் கண்டுவிடுவார். எக்ஸ்ரே, ஸ்கேன், ஈ.சி.ஜி. மூலைகளில் பெயரும் ஐ.பி. எண்ணும் (உள்நோயாளி எண்) இருக்கும், அவற்றை வெட்டி எடுக்க வேண்டும். படம் வேண்டுமென்றால், குவிஸில் காட்டுவதாகவே சொல்லி எழுத்துமூலச் சம்மதம் வாங்குங்கள். குழந்தை என்றால் பெற்றோரிடம். எச்.ஐ.வி. உள்ளவரின் நிலையை வெளிப்படுத்துவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். துறைகளில் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த, அடையாளம் நீக்கிய கற்பித்தல் படங்களும் அருங்காட்சியக மாதிரிகளும் எப்படியும் போதுமான அளவுக்கு இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தைப் பார்த்து அரங்கம் சிரிக்கக் கூடிய வாய்ப்பு இருந்தால் அந்தப் படம் வேண்டாம்.

இதய ஒலிகளைப் போட்டுக் கேட்கலாமா?

நல்ல சுற்று. ஆனால் அரங்க ஸ்பீக்கரில் முன்கூட்டியே போட்டுப் பார்க்காமல் செய்யாதீர்கள். இதய ஒலிகள் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பவை. கல்யாண மண்டப ஸ்பீக்கரில், இதய வால்வு சுருங்கும் மைட்ரல் ஸ்டெனோசிஸின் முணுமுணுப்பு சுத்தமாகக் காணாமல் போகும். நான் உதவிய முதல் போட்டியிலேயே இது நடந்தது. ஆறு அணிகளும் "ஒண்ணும் கேக்கலை சார்" என்றார்கள், அந்தச் சுற்றையே ரத்து செய்தோம். இப்போது ஒவ்வோர் அணிக்கும் ஹெட்ஃபோன் கொடுத்து, அலைவடிவத்தைத் திரையில் பார்வையாளர்களுக்குக் காட்டுகிறோம்.

குவிஸ் மாஸ்டர் வெளியாளா, உள்ளூரா?

வெளியாள் என்றால் பாரபட்சப் புகார் வராது. மருத்துவம் தெரிந்தவராக இருப்பது அவசியம், இல்லாவிட்டால் மாற்று விடை வரும்போது தடுமாறுவார். இந்தியாவில் முறையான குவிஸ் 1967-இல் கொல்கத்தாவில் நீல் ஓ'பிரையன் நடத்தியதிலிருந்து தொடங்குகிறது. சென்னையில் ஆகஸ்ட் 15-ஆம் தேதிகளில் அரங்கம் நிறையக் கூட்டம் கூட்டிய லேண்ட்மார்க் குவிஸை நடத்தியவர் நவீன் ஜெயக்குமார், தொழிலால் கண் மருத்துவர். நம் துறையிலேயே இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கல்லூரியின் பழைய மாணவர்களில் தேடுங்கள்.

யாராக இருந்தாலும், விடை தவறியவரைக் கிண்டல் செய்யாதவராக இருக்க வேண்டும். வார்டு ரவுண்ட்ஸில் கேள்வி கேட்டுக் கூனிக் குறுக வைத்த அனுபவம் நம் மாணவர்களுக்கு வேண்டிய அளவு இருக்கிறது. மேடையிலும் அது வேண்டாம்.

மருந்துக் கம்பெனி ஸ்பான்சர் செய்ய முன்வருகிறது. வாங்கலாமா?

வேண்டாம். மருந்து நிறுவனங்களிடமிருந்து மருத்துவர்கள் பரிசு பெறுவதை இந்திய மருத்துவக் கழகம் 2009-இல் நடத்தை விதிகளில் சேர்த்துத் தடை செய்தது. மாணவர்கள் அந்த விதிக்குள் வருவார்களா என்று வாதாடலாம். ஆனால் இருபது வயதில் பழகுவது நாற்பது வயதிலும் தொடரும். பழைய மாணவர் சங்கம், மாணவர் பேரவை நிதி, மருத்துவ நூல் விற்பனையாளர்கள், உள்ளூர் வங்கி என்று கேளுங்கள். இரண்டு பேனர் குறைந்தால் குறையட்டும்.

செல்போன்?

பிரிலிம்ஸில் எல்லா போனும் பெயர் எழுதிய உறையில், மேசைக்கு மேலே. ஸ்மார்ட் வாட்ச்சும். ஆன்லைனில் பிரிலிம்ஸ் நடத்துவதை நான் இப்போது பரிந்துரைப்பதில்லை, கேள்வியைப் படமெடுத்தால் நொடியில் விடை சொல்லும் செயலிகள் எல்லார் கையிலும் வந்துவிட்டன.

விடையை எதிர்த்துப் புகார் வந்தால்?

இரண்டு ஆசிரியர்கள் நடுவர்களாக முன்வரிசையில் இருக்கட்டும், கேள்வித்தாளின் ஆதாரப் பிரதி அவர்கள் கையில். அடுத்த கேள்வி படிக்கப்படுவதற்கு முன் புகார் சொல்ல வேண்டும், ஒரு நிமிடத்தில் தீர்ப்பு. கேள்வியே தவறு என்றால் ரத்து செய்துவிட்டு உபரிக் கேள்வி ஒன்றைப் போடுங்கள். அதற்காக எட்டுக் கேள்வி தயாராக வைத்திருக்க வேண்டும். தவறு நம்முடையது என்றால் மைக்கில் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். ஒரு போட்டியில் பொட்டாசியக் கேள்வி ஒன்றுக்கு நாங்கள் வைத்திருந்த விடை தவறு என்று மூன்றாமாண்டு மாணவர் எழுந்து நின்று சொன்னார். புத்தகத்தைத் திறந்து பார்த்தோம், அவர் சொன்னதே சரி. அன்று அதிகமாகக் கைதட்டல் வாங்கியவர் அவர்தான்.

பரிசு, சான்றிதழ்?

சான்றிதழில் பெயரைத் தவறில்லாமல் அச்சடியுங்கள், இனிஷியலோடு. பரிசாகப் புத்தகம் கொடுப்பதானால் எந்தப் புத்தகம் என்று அவர்களே தேர்ந்தெடுக்க வவுச்சர் கொடுங்கள். ஒரே பாடநூலின் மூன்று பிரதிகளோடு திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியூர் அணிகளுக்குப் பயணச் செலவு கொடுக்க முடிந்தால் கோப்பையின் உயரத்தைக் குறைத்தாவது கொடுங்கள்.

பார்வையாளர்கள் எழுந்து போகாமல் இருக்க?

ஆறு அணிகளும் விட்ட கேள்வி அரங்கத்துக்குப் போகட்டும். பின்வரிசைக்கு ஒரு தனி மைக் கொடுத்து, அங்கே ஒருவரை நிறுத்துங்கள். முன்வரிசையிலேயே எப்போதும் கை தூக்கும் நான்கு பேரைத் தாண்டி மைக் போக வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஆள்.

போட்டி முடிந்த பிறகு கேள்விகளை என்ன செய்வது?

விளக்கங்களோடு பி.டி.எஃப். ஆக்கி, கலந்துகொண்ட எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் எத்தனை அணி சரியாகச் சொன்னது என்று குறித்து வையுங்கள். யாருமே சொல்லாத கேள்விகளைத் துறை ஆசிரியர்களிடம் காட்டுங்கள், வகுப்பில் எது போய்ச் சேரவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். எங்கள் கல்லூரியில் அப்படி ஒரு பட்டியலைப் பார்த்த பிறகுதான், பாம்புக்கடி சிகிச்சை அட்டையைக் காஷுவாலிட்டி சுவரில் புதிதாக ஒட்டினோம். மூலக்கோப்பை அடுத்த பேட்சுக்குப் பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள். என் மேசை இழுப்பறையில் அப்படி ஏழு பென்டிரைவ் இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.